ஆகஸ்ட் 15, குடான்ஷிதா

ஜப்பானியக் காலண்டரில் ஆகஸ்ட் 15 சிவப்பு எழுத்தில் இருக்காது. சட்டப்படி அது பொது விடுமுறையே இல்லை. ஆனாலும் அந்த வாரம் டோக்கியோவில் பல ஆபீஸ்கள் காலியாகக் கிடக்கும், ஷின்கான்சென் ரயிலில் சீட் கிடைப்பது பெரும்பாடு. தீபாவளிக்கு முந்தின நாள் எழும்பூர் ஸ்டேஷன் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். இங்கே ஜனங்கள் ஊருக்குப் போவது இறந்தவர்களை வரவேற்க. பண்டிகையின் பெயர் ஓபோன்.

முன்னோர்களின் ஆவி சில நாட்கள் வீட்டில் வந்து தங்கும் என்பது நம்பிக்கை. வெள்ளரிக்காயில் நான்கு குச்சி செருகினால் குதிரை, அவர்கள் சீக்கிரம் வர. கத்தரிக்காயில் செருகினால் மாடு, மெதுவாகத் திரும்பிப் போக. ஆபீஸில் ஒருவர் ஊரிலிருந்து அனுப்பிய போட்டோவில் இரண்டையும் பார்த்தபோது எனக்கு ஆடி அமாவாசைதான் ஞாபகம் வந்தது.

பழைய கணக்குப்படி ஓபோன் ஏழாம் மாதம் 15ஆம் நாள். 1873இல் மெய்ஜி அரசு மேற்கத்திய நாட்காட்டிக்கு மாறியது. புதுக் கணக்கில் ஜூலை 15 என்றால் பல ஊர்களில் வயல் வேலை மும்முரமாக நடக்கும் நேரம். டோக்கியோ ஜூலையை ஏற்றுக்கொண்டது. மற்ற ஊர்களில் பெரும்பாலானவை ஒரு மாதம் தள்ளிப்போட்டன. அப்படித்தான் ஓபோன் ஆகஸ்ட் 15க்கு வந்து சேர்ந்தது.

1945இல் யுத்தத்தின் முடிவும் அதே தேதியில் வந்து விழுந்தது. அன்று நண்பகலில் பேரரசர் ஹிரோஹிதோவின் குரல் முதல்முறையாக வானொலியில் ஒலித்தது. 'சரணடைகிறோம்' என்ற சொல்லே அந்த உரையில் இல்லை. அரசவை மொழி, கரகரத்த ஒலிபரப்பு. கேட்ட பலருக்கு விஷயம் உடனே புரியவில்லை. சரணடைவுப் பத்திரம் கையெழுத்தானது செப்டம்பர் 2இல்தான். ஆனால் ஜப்பானியர் நினைவில் யுத்தம் முடிந்தது ஓபோன் நாளில்.

நமக்கும் இந்தத் தேதி சும்மா அமையவில்லை. மவுண்ட்பேட்டன் யுத்தக் காலத்தில் தென்கிழக்கு ஆசியாவின் நேசப் படைத் தளபதி. ஜப்பான் பணிந்த இரண்டாம் ஆண்டு நிறைவு என்பதால்தான் ஆகஸ்ட் 15ஐச் சொன்னதாகப் பின்னாளில் அவரே கூறினார். நாம் மிட்டாய் கொடுக்கிற நாள், இவர்கள் தோற்ற நாளைப் பார்த்துக் குறித்தது.

என் டீமில் ஒரு கொரியர் இருந்தார். "உங்களுக்கும் இன்னைக்குத்தானா?" என்று ஆச்சரியப்பட்டார். ஜப்பானிடம் 35 வருஷம் அடிமைப்பட்டிருந்த கொரியர்கள் அந்த நாளுக்கு வைத்திருக்கும் பெயருக்கு 'ஒளி திரும்பிய நாள்' என்று அர்த்தம். நாங்கள் இருவரும் காபி மெஷின் பக்கம் ஒதுங்கிப் போய் மெல்லிய குரலில் வாழ்த்துச் சொல்லிக்கொண்டோம்.

டோக்கியோவில் குடான்ஷிதா ஸ்டேஷனில் இறங்கினால் இந்த வரலாறு முழுவதையும் நடந்தே பார்த்துவிடலாம். இந்தியத் தூதரகம் அங்கேதான். காலையில் கொடியேற்றம், ஜன கண மன. அகழிக்கு அந்தப் பக்கம் புடோகான் அரங்கம். அங்கே நண்பகலில் அரசாங்கத்தின் அஞ்சலிக் கூட்டம், ஒரு நிமிட மௌனம். போரில் மாண்ட சுமார் 31 லட்சம் ஜப்பானியர்களுக்காக. இன்னொரு பக்கம் கொஞ்சம் நடந்தால் யாசுகுனி ஆலயம். அதன் அருங்காட்சியகத்தில் நுழைந்ததும் கருப்பாக ஒரு நீராவி எஞ்சின் நிற்கும். சி56 வகை, எண் 31. சயாம்–பர்மா பாதையில் ஓடிய வண்டி.

அதைப் பார்த்ததும் எனக்குக் கால் நின்றுவிட்டது. 1942–43இல் போடப்பட்ட 415 கிலோமீட்டர் பாதை அது. மலாயா ரப்பர் தோட்டங்களிலிருந்து ஆசை காட்டியும் ஆள்பிடித்தும் கொண்டுபோன தமிழர்கள் காலராவிலும் மலேரியாவிலும் பட்டினியிலும் அங்கே செத்தார்கள். நேச நாட்டுப் போர்க்கைதிகளில் 12,000 பேருக்கு மேல் மாண்டார்கள். ஆசியக் கூலிகளின் சாவு அதைப்போலப் பல மடங்கு. கைதிகளுக்குக் காஞ்சனபுரியில் பெயர் பொறித்த கல்வரிசைகள் இருக்கின்றன. கூலிகளுக்கு அப்படி எதுவும் இல்லை. எஞ்சினுக்கு மட்டும் எண் இருக்கிறது, பாலிஷும் இருக்கிறது.

அந்த ஒரு நாளில், அந்த ஒரு கிலோமீட்டருக்குள், இவர்களுக்கு எங்கே இடம்? தூதரகத்துக் கொடி சுதந்திர இந்தியாவுடையது. புடோகான் மௌனம் ஜப்பானியர்களுடையது. தோட்டத்துத் தமிழர்கள் இரண்டு கணக்கிலும் வரவில்லை.

ஓபோன் சமயத்தில் பௌத்தக் கோயில்களில் செகாகி என்று ஒரு சடங்கு செய்கிறார்கள். சோறு வைக்க ஆளில்லாத ஆவிகளுக்குப் படையல். நம் தர்ப்பணத்திலும் யாருமற்றவர்களுக்கென்று ஒரு கை எள்ளும் தண்ணீரும் விடுவது உண்டு. சொந்தக்காரர் யாரென்று கேட்காமல் சாப்பாடு போடும் இந்த ஏற்பாடு அரசாங்கங்களின் நினைவு நாட்களில் கிடையாது. இப்போதெல்லாம் அன்று நண்பகலில் ஜப்பானியர்களோடு சேர்ந்து நானும் எழுந்து நிற்கிறேன். என் ஒரு நிமிடம் அந்தப் பாதை போட்டவர்களுக்கு.