தடையும் பிழைச்செய்தியும்: மலேசிய இணைய வரலாற்றில் ஒரு பக்கம்

இணைய உலாவியின் திரையில் தோன்றும் பிழைச்செய்திகள் எல்லாம் ஒரே இடத்தில் பிறப்பவை அல்ல. கேட்ட பக்கம் இல்லை என்பதைக் குறிக்கும் 404, அகப்பக்கத்தை வைத்திருக்கும் சேவையகம் எண்ணாக அனுப்பும் விடை. சேவையகத்தை எட்டவே முடியாதபோது வரும் அறிவிப்போ உலாவி தானே எழுதிக் காட்டுவது. மலேசியாவின் இணையத் தடைகளைப் புரிந்துகொள்ள இவ்வேறுபாடு இன்றியமையாதது.

1998ஆம் ஆண்டின் தொடர்பு, பல்லூடகச் சட்டம், தன் எந்த விதியும் இணையத் தணிக்கையை அனுமதிப்பதாகக் கொள்ளப்படலாகாது என்று 3ஆம் பிரிவிலேயே கூறுகிறது. ஆயினும் அதே சட்டத்தின் பிற பிரிவுகளைச் சுட்டித்தான், மலேசிய அரசு முதலீட்டு நிறுவனமான ஒன் எம்டிபியின் நிதி விவகாரத்தை வெளிக்கொணர்ந்த சரவாக் ரிப்போர்ட் என்ற செய்தித் தளம் 2015 ஜூலையில் முடக்கப்பட்டது. அதன் கட்டுரைகளையும் தாங்கிவந்த மீடியம் தளம் 2016 ஜனவரியில் முடங்கியது.

தடைக்குக் கையாளப்பட்ட வழி எளியது. மலேசியாவில் ஒருவர் அகப்பக்கத்தின் பெயரைத் தட்டியதும், அதற்குரிய எண் முகவரியை உலாவி முதலில் இணையச் சேவை நிறுவனத்தின் பெயர்ச் சேவையகத்திடம் கேட்கிறது. அச்சேவையகம் உண்மையான எண்ணுக்குப் பதிலாக, நாட்டுச் சட்டத்தை மீறுவதால் தளம் முடக்கப்பட்டதென அறிவிக்கும் வேறொரு பக்கத்தின் எண்ணைத் தந்துவிடுகிறது. மறையாக்கம் இல்லாத தளமாயின் அந்த அறிவிப்பு திரையில் தெரியும், தடுத்தவர் இன்னார் என்பதும் விளங்கும். மறையாக்கம் உள்ள தளமாயின், தளத்தின் அடையாளத்தை உறுதிசெய்யும் சான்றிதழ் பெயரோடு பொருந்தாமையால், இணைப்பு பாதுகாப்பற்றது என்று உலாவி சொல்லி நின்றுவிடும். அரசின் ஆணை இயந்திரக் கோளாறாகத் தோற்றம் பெறும். குற்றவாளிகளிடமிருந்து பயனரைக் காக்க எழுந்த எச்சரிக்கை, தடுத்தவரின் பெயரை மறைக்கும் திரையாகவும் ஆனது விந்தையே.

மீடியம் முடங்கிய அடுத்த மாதமே, சட்டக் காரணத்தால் மறுக்கப்பட்டது என்பதைக் குறிக்கும் 451 என்ற எண் உலக இணையத் தரமாக வெளிவந்தது. நூல்களை எரிக்கும் சமூகத்தைச் சித்திரித்த ரே பிராட்பரியின் நாவல் தலைப்பிலிருந்து எடுக்கப்பட்ட எண் அது. ஆனால் பெயர்த் தேடலிலேயே வழி மாற்றப்படும்போது உண்மையான சேவையகத்திடம் கேள்வியே போய்ச் சேருவதில்லை என்பதால், அந்த எண்ணைச் சொல்லும் வாய்ப்பு அதற்கு இல்லை.

சரவாக் ரிப்போர்ட் மீதான தடை 2018 மே மாத ஆட்சி மாற்றத்துக்குப் பின் நீங்கியது. 2024 செப்டம்பரில், கூகுள், கிளவுட்ஃபிளேர் போன்ற வெளிப் பெயர்ச் சேவையகங்களை நாடும் கேள்விகளையும் உள்நாட்டுச் சேவையகங்களுக்கே திருப்பிவிடுமாறு பிறந்த உத்தரவு, எதிர்ப்பு கிளம்பிய சில நாள்களிலேயே கைவிடப்பட்டது. சேவை நிறுவனங்களின் சொந்தப் பெயர்ச் சேவையகங்கள் வழியான தடை மட்டும் தொடர்ந்தது.