தூங்காத ஸ்லீப்பர்: கான்கிரீட் கட்டையும் அடிக்கல்லும்

"ஸ்லீப்பர்" என்றதும், சென்னைக்கும் தில்லிக்கும் ஜி.டி. எக்ஸ்பிரஸில் போய்வரும் நமக்குப் படுக்கைப் பெட்டிதான் ஞாபகம் வரும். இன்னொரு ஸ்லீப்பரும் உண்டு. நாம் தூங்கும்போது தண்டவாளத்துக்கு அடியில் தூங்காமல் பாரம் சுமக்கும் குறுக்குக்கட்டை அது. அதன் சரித்திரம் மரத்தில் தொடங்குகிறது.

ரயில்பாதை நீள நீள, இந்தியாவில் சால், தேக்கு, தேவதாரு மரங்கள் வெட்டுப்பட்டன. இமயத்துத் தேவதாருவை ஆற்றில் மிதக்கவிட்டுக் கீழே கொண்டுவந்தார்கள். காடு அழிகிறதே என்ற கவலையும் சேர்ந்துதான் 1864-ல் வனத்துறை பிறந்தது. மரத்தோடு வார்ப்பிரும்பு, எஃகுக் கட்டைகளும் புழக்கத்துக்கு வந்தன.

கான்கிரீட் யோசனையும் பழையதே. கம்பிவலை வைத்த பூந்தொட்டிக்கு 1867-ல் காப்புரிமை வாங்கிய பிரெஞ்சுத் தோட்டக்காரர் ஜோசப் மோனியே, 1877-ல் ரயில் கட்டைக்கும் வாங்கினார். ஆனால் கான்கிரீட் அமுக்கினால் தாங்கும்; இழுத்தால் விரிசல் விடும். இதற்கு மருந்து கண்டவர் இன்னொரு பிரெஞ்சுக்காரர், யூஜின் ஃப்ரெய்சினே. கம்பியை முன்கூட்டியே இழுத்துப் பிடித்து, கான்கிரீட் இறுகியபின் விட்டுவிட்டால், அது சுருங்கப் பார்த்துக் கான்கிரீட்டை எப்போதும் அமுக்கியே வைத்திருக்கும். 1928-ல் இதற்குக் காப்புரிமை பெற்றார். இரண்டாம் உலகப்போரில் மரம் கிடைக்காமல் போகவே, 1943-ல் பிரிட்டன் இத்தகைய கட்டைகளைப் பாதையில் போட்டது. பிற்பாடு இந்தியாவிலும், லக்னோவிலுள்ள ஆர்.டி.எஸ்.ஓ.வின் வடிவமைப்பில் அவை பரவின.

சரி, கட்டை கெட்டியானால் போதுமா? போதாது, அடியில் இருக்கும் ஜல்லியும் ஒத்துழைக்க வேண்டும்.

நம் அகலப்பாதைக் கட்டையின் நீளம் 2.75 மீட்டர். சக்கரத்தின் பாரம் இரண்டு தண்டவாளங்களின் கீழ்தான் இறங்குகிறது. அங்கே ஜல்லி இறுக்கமாக இருந்தால், அந்த இடங்களில் கட்டையின் அடிப்பக்கம் சற்று இழுபடும், அதைத் தாங்கிக்கொள்ளும். ரயில் ஓட ஓட அந்த ஜல்லி நொறுங்கித் தாழ்கிறது. நடுவிலுள்ள ஜல்லி அப்படியே நிற்கிறது. இப்போது கட்டை நடுவில் மட்டும் உட்கார்ந்து, இரு முனையும் தொங்கும். குட்டிச்சுவரின் மேல் பலகையை வைத்து இரண்டு பக்கமும் அழுத்தின கதைதான். நடுவில் மேற்பக்கம் இழுபட்டு விரிசல் காணும். மரமென்றால் வளைந்து கொடுத்துவிடும். கான்கிரீட்டுக்கு அந்தப் பெருந்தன்மை குறைவு!

இதற்காகத்தான் கட்டையின் நடுப்பகுதியை உயரம் குறைத்து வார்க்கிறார்கள். கம்பிகள் நேராக ஓடினாலும், தண்டவாளத்தின் கீழ் அவை அடிப்பக்கமாகவும், நடுவில் மேற்பக்கமாகவும் அமைந்துவிடும். எங்கே இழுபடுமோ அங்கே பலம். அப்படியும், நடுவில் ஜல்லியை இறுக்கக் கூடாது என்பதே பராமரிப்பு விதி.

மரக்கட்டைக் காலத்தில் கேங்மேன்கள் கையால் ஜல்லி இடித்தார்கள். கால் டன்னுக்கு மேல் எடையுள்ள கான்கிரீட் கட்டைக்கு இயந்திரம் வேண்டும். அது வேலை செய்யப் பாதையில் ரயிலில்லாத நேரமும் வேண்டும். அந்த நேரத்தைக் கொடுக்காமல் ரயில்களை மட்டும் கூட்டினால், எவ்வளவு நல்ல கட்டையும் ஒருநாள் விரிசல் விடும். அடுத்த பயணத்தில் வண்டி நடுக்காட்டில் அரைமணி நின்றால் சலித்துக்கொள்ளாதீர்கள். முன்னால் யாரோ நமக்காக ஜல்லியை இறுக்கிக்கொண்டிருக்கலாம்.