ஆம்னிக்கு ஒரு நூற்பா

தண்ணீர் வற்றியதைக் கவனிக்காமல் ஓட்டி, என் பழைய மாருதி ஆம்னியின் இன்ஜினை சீஸ் ஆக்கியவன் நானே. வேறு இன்ஜின் மாற்றிய இரண்டு நாளும் மெக்கானிக் அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்து ஸ்பானர் எடுத்துக் கொடுத்தேன். பார்த்தது மறந்துபோகாதிருக்க ஆறடியில் ஒரு நூற்பா கட்டினேன். நூலும் நானே, உரையும் நானே. ஆசிரியர் கருத்து அதுவன்று என்று மறுக்க ஆளில்லை.

இருக்கை தூக்கி, எதிர்முனை கழற்றி,
நீரும் நெய்யும் முற்ற வடித்து,
கயிறும் குழலும் குறியிட்டு அவிழ்த்து,
தண்டு முன்னது, தாங்கி பின்னது;
இறக்கல் என்பது இதற்கே மெய்ச்சொல்;
ஏற்றும் போது எண்ணும் ஏறும்.

இருக்கை தூக்கி: 1984-இல் 'மாருதி வேன்' என்று வந்து, பிறகு ஆம்னி ஆகி, 2019 வரை தயாரிப்பில் இருந்த வண்டி இது. மூக்கு நீளாத உடம்பு. 796 சிசி, மூன்று சிலிண்டர் இன்ஜின் முன்சீட்டுகளுக்கு அடியில் நீளவாக்கில் கிடக்கிறது. அதனால்தான் அந்தச் சின்ன உடலுக்குள் ஒரு குடும்பமும் அதன் மூட்டைகளும் அடங்கின. மிச்சம் பிடித்த இடத்துக்கான வாடகையைக் கட்டுபவர் மெக்கானிக். சீட்டைத் தூக்கினால் தெரியும் திறப்பில் கை போனால் கண் போகாது. கண் போனால் கை போகாது. பாதி வேலை விரல் நுனியின் ஞாபகத்தில்தான் நடக்கிறது.

எதிர்முனை: பேட்டரியின் நெகட்டிவ். வண்டியின் உடம்பே எர்த் ஆகையால், பாசிட்டிவை முதலில் தொட்ட ஸ்பானர் தகரத்தில் பட்டால் பொறி பறக்கும். பெட்ரோல் குழாய் கழற்றப்போகும் இடத்தில் பொறி ஆகாது.

நீரும் நெய்யும்: நீர், ரேடியேட்டர் தண்ணீர். நெய், பழைய வழக்கில் எண்ணெய்க்கும் பெயர். இங்கே இன்ஜின் ஆயிலும் கியர் ஆயிலும். கியர்பாக்ஸையும் சேர்த்தே இறக்குவதால் இரண்டையும் சொல்ல வேண்டியதாயிற்று. 'முற்ற' என்ற சொல் அடி நிரப்ப வந்ததன்று. கியர் ஆயிலை வடிக்காமல் ப்ரொபெல்லர் ஷாஃப்டை உருவினால், கியர்பாக்ஸின் வால் வழியாக ஒழுகுவது கீழே படுத்திருப்பவர் நெஞ்சில்தான்.

கயிறும் குழலும்: கயிறு என்றது ஆக்சிலரேட்டர், கிளட்ச், ஸ்பீடோமீட்டர் கேபிள்கள், கார்புரேட்டர் வண்டியானால் சோக் கேபிளும். குழல், தண்ணீர் ஹோஸும் பெட்ரோல் குழாயும் வேக்குவம் குழாய்களும். ஒயர்களையும் இதிலேயே அடக்குக. "கழட்டுறதுக்கு முன்னாடி போட்டோ எடுத்துக்க தம்பி, நாளைக்கு எல்லாம் ஒரே மாதிரிதான் தெரியும்" என்றார் அண்ணன். சைலன்சர் போல்ட்டைச் சொல்லாதது என்னையெனின், துருப்பிடித்த அந்த போல்ட் எந்த நூற்பாவுக்கும் கட்டுப்படாது.

தண்டு முன்னது, தாங்கி பின்னது: தண்டு, ப்ரொபெல்லர் ஷாஃப்ட். பின்னச்சு ஃபிளாஞ்சில் கோடு கீறிவிட்டுக் கழற்ற வேண்டும். திரும்ப அதே நிலையில் பூட்டாவிட்டால் வண்டி ஓட்டத்தில் அதிரும். தாங்கி, மவுண்டிங். பாரம் முழுதும் அதில் நிற்பதால், ஜாக்கியை முட்டுக்கொடுத்த பிறகே கடைசியாக அதன் போல்ட்டில் கைவைக்க வேண்டும்.

இறக்கல் என்பது இதற்கே மெய்ச்சொல்: நூற்பாவின் உயிர் இந்த அடி. எந்தக் காருக்கும் நம் பட்டறைகளில் "இன்ஜின் இறக்கணும்" என்றுதான் சொல்வார்கள். பெரும்பாலும் நடப்பது நேரெதிர்: பானெட்டைத் திறந்து, சங்கிலி மாட்டி, செயின் பிளாக்கில் இன்ஜினை மேலே தூக்குவார்கள். ஆம்னியில் மேலே வழி கிடையாது; சீட்டுத் திறப்பு அத்தனை குறுகல். ஆகவே இன்ஜின் உண்மையிலேயே தரைக்கு இறங்குகிறது. அதைவிட வேடிக்கை, இறங்கிய பிறகு ஏறுவது வண்டி! சேசிஸுக்கு அடியில் ஸ்டாண்ட் வைத்து, தரைத் தகரத்தில் முட்டு விழாமல் பார்த்து, முன்பக்கத்தை உயர்த்த வேண்டும். இன்ஜின் பழைய டயர் ஒன்றில் உட்கார்ந்திருக்க, அதை இழுத்து வெளியே எடுக்கிறார்கள். எங்கள் இன்ஜின் பாதி இறங்கி அந்தரத்தில் நின்றது. ஆளுக்கொரு பக்கம் குனிந்து தேடியதில், கழற்ற மறந்த எர்த் ஒயர் ஒன்று விறைப்பாக இழுத்துக்கொண்டிருந்தது.

கீழே கிடக்கும்போதே கிளட்ச் பிளேட், ரிலீஸ் பேரிங், பின் ஆயில் சீல், டைமிங் பெல்ட் ஆகியவற்றைப் பார்த்துவிடுவது உத்தமம். இன்னொரு முறை இந்தக் கூத்து யாருக்கும் வேண்டாம். மாருதி 800-இன் இன்ஜினும் இதே 796 சிசி வகைதான். அங்கே குறுக்காகக் கிடப்பதால் மவுண்டிங் ஒத்துவராது. மலிவாகக் கிடைக்கிறதே என்று அப்படியே வாங்கி வந்துவிடக் கூடாது.

ஏற்றும் போது எண்ணும் ஏறும்: எண், இன்ஜின் நம்பர். அது ஆர்.சி.யில் பதிந்திருப்பது. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு இன்ஜின் மாற்றத்தையும் சேர்த்தே பேசுகிறது. புது நம்பர் ஆர்.டி.ஓ. ஆபீசில் ஏற வேண்டும். வாங்கிய இன்ஜினுக்கு ரசீது இல்லையேல் அங்கே பேச்சு வளரும்.

எண் என்பது போல்ட்டின் எண்ணிக்கை என்று பொருள் கொள்வாரும் உளர். அண்ணன் அந்தக் கட்சி. கழற்றியதை எண்ணி டப்பாவில் போடும் பொறுப்பு என்னுடையது. வண்டி நன்றாகவே ஓடுகிறது. பன்னிரண்டு நம்பர் ஸ்பானருக்கான இரண்டு போல்ட்டுகள் மட்டும் இன்றும் டேஷ்போர்டில் உருண்டுகொண்டிருக்கின்றன.