போட் மெயில் (இந்தியா - இலங்கை)

போட் மெயில் என்பது சென்னை எழும்பூரையும் கொழும்பு கோட்டையையும் ஒரே பயணச்சீட்டில் இணைத்த தொடர்வண்டி - கப்பல் சேவை ஆகும். இது இந்தோ-சிலோன் எக்ஸ்பிரஸ் எனவும் அழைக்கப்பட்டது. தனுஷ்கோடி - தலைமன்னார் வழியாக 1914 முதல் 1964 வரை இயங்கியது.

தொடக்கம்

முதலில் இப்பயணம் தூத்துக்குடி வழியாகவே நடைபெற்றது. மதுரையில் இருந்து தூத்துக்குடி செல்லும் இருப்புப்பாதை விருதுபட்டி (இன்றைய விருதுநகர்), சாத்தூர் வழியாகச் சென்றது. சிவகாசி, விஸ்வநத்தம் பகுதியினருக்கு அண்மையில் இருந்த நிலையங்கள் இவையே. சிவகாசிக்கு இருப்புப்பாதை 1927 இல்தான் வந்தது.

1914 இல் பாம்பன் பாலம் திறக்கப்பட்டபின் வழி மாறியது. பாக்கு நீரிணையின் குறுக்கே பாலம் அமைக்கும் திட்டம் செலவு மிகுதியால் கைவிடப்பட்டு, சுமார் 35 கி.மீ. தொலைவைக் கப்பல்கள் கடந்தன. இந்தியப் பகுதியில் மீட்டர் பாதையும் இலங்கையில் அகலப் பாதையும் இருந்தமையால் பெட்டிகளை அப்படியே கொண்டுசெல்வதும் இயலாததாக இருந்தது. தென்னிந்திய ரயில்வே ஒரு கம்பனி. மறுகரையில் இருந்ததோ இலங்கை அரசின் ரயில்வே. இரண்டும் பிரித்தானிய ஆட்சிக்கு உட்பட்டிருந்தாலும் தனித்தனி நிருவாகங்கள் என்பது குறிப்பிடத்தக்கது.

மண்டபம் முகாம்

இச்சேவையைப் பயன்படுத்தியோரில் தேயிலைத் தோட்டங்களுக்குச் சென்ற தொழிலாளர்கள் ஏராளம். இவர்களை மருத்துவச் சோதனைக்கு உட்படுத்தித் தடுத்துவைக்கும் முகாம் முதலில் தட்டப்பாறையிலும் பின்னர் மண்டபத்திலும் இருந்தது. மண்டபம் முகாம் இந்திய மண்ணில் இருந்தபோதும் அதை நடத்தியது இலங்கை அரசே. வசதி படைத்த பயணிகளுக்கு இத்தகைய தங்கல் இல்லை. ஒத்துழைப்பின் சுமை யார்மீது விழுந்தது என்பதற்கு இதுவே சான்று.

1964 அக்டோபரில் கையெழுத்தான சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தப்படி 5,25,000 பேரை இந்தியா ஏற்க இசைந்தது. அவ்வாறு தாயகம் திரும்பியோர் பலர் வந்திறங்கியதும் இதே மண்டபத்தில்தான். 1983 கலவரத்துக்குப் பின் அம்முகாம் ஏதிலியர் முகாமாயிற்று.

முடிவு

1964 டிசம்பர் 22 இரவு வீசிய புயலில் தனுஷ்கோடி அழிந்தது. பாம்பனில் இருந்து சென்ற பயணிகள் வண்டி ஒன்று கடலில் அடித்துச் செல்லப்பட்டு, நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். அதன்பின் இராமேஸ்வரம் - தலைமன்னார் கப்பல் 1980களின் முற்பகுதி வரை ஓடியது.

பிற்கால முயற்சிகள்

- 2011 இல் தூத்துக்குடி - கொழும்புக் கப்பல் தொடங்கிச் சில மாதங்களில் நின்றது.
- போரில் சிதைந்த தலைமன்னார் இருப்புப்பாதை இந்தியக் கடனுதவியுடன் சீரமைக்கப்பட்டு 2015 மார்ச்சில் திறக்கப்பட்டது.
- நாகப்பட்டினம் - காங்கேசன்துறைக் கப்பல் 2023 அக்டோபரில் தொடங்கிச் சில நாட்களில் நின்று, 2024 ஆகஸ்டில் மீண்டும் ஓடத் தொடங்கியது.

சென்னை - இராமேஸ்வரம் விரைவுவண்டி ஒன்று போட் மெயில் என்ற பெயரை இன்றும் தாங்கியுள்ளது.