பால் குடிக்காத பாம்பும் பால் பைத்தானும்

புலி பசித்தாலும் புல்லைத் தின்னாது என்பார்கள். என்னைக் கேட்டால் இந்தப் பழமொழி புலியைவிடப் பாம்புக்குத்தான் பொருந்தும். கூண்டுப் புலி, போட்ட மாட்டுக்கறியைத் தின்றுவிட்டுப் படுத்துக்கொள்ளும். கூண்டுப் பாம்போ, எலி பக்கத்தில் ஓடினாலும் திரும்பிப் பார்க்காமல் மாதக்கணக்கில் சுருண்டு கிடக்கும். வெளிநாடுகளில் பாம்பு வளர்ப்பவர்களின் முதல் புலம்பலே "என் பாம்பு சாப்பிட மாட்டேன் என்கிறது" என்பதுதான்.

நம் ஊரில் யார் பாம்பு வளர்க்கிறார்கள் என்று கேட்கிறீர்களா? வளர்க்கிறோமோ இல்லையோ, பாம்புக்கு உணவு வைத்த பழக்கம் நமக்கு மிகப் பழையது. அதைத் தப்பாக வைத்த பழக்கமும் அதே அளவுக்குப் பழையது. அந்த வரலாற்றைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

முதலில் பால். எங்கள் எட்டயபுரம் பக்கம் கரிசல் காட்டு ஓரத்தில் ஒரு புற்று இருந்தால், அதில் மஞ்சள் குங்குமம் இருக்கும். வெள்ளிக்கிழமை பாலும் முட்டையும் வந்துவிடும். சாரைப்பாம்பு மாட்டின் காலைச் சுற்றிக்கொண்டு மடியில் பால் குடிக்கும் என்று சத்தியம் செய்பவர்களும் உண்டு. பாம்பின் வாயில் உள்நோக்கி வளைந்த ஊசிப் பற்கள் வரிசையாக இருக்கின்றன. அந்த வாயை மடியில் வைத்தால் எந்த மாடு சும்மா நிற்கும்? உறிஞ்சிக் குடிப்பதற்கான உதடும் பாம்புக்குக் கிடையாது. குட்டிக்குப் பால் கொடுப்பது பாலூட்டிகளின் வழக்கம். ஊர்வனவற்றுக்கும் பாலுக்கும் எந்த உறவும் இல்லை.

இந்த நம்பிக்கை நமக்கு மட்டும் சொந்தமல்ல என்பது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. அமெரிக்காவில் ஒரு பாம்புக்குப் பெயரே 'பால் பாம்பு'. மாட்டுத் தொழுவத்தில் அடிக்கடி தென்பட்டதால், மடியில் பால் குடிக்க வருகிறது என்று அங்குள்ள விவசாயிகள் நினைத்துவிட்டார்கள். அது வந்ததோ தொழுவத்து எலிகளுக்காக!

சரி, பாம்பாட்டி வைத்த பாலைப் பாம்பு குடிப்பதைப் பார்த்திருக்கிறோமே என்பீர்கள். அந்தப் பாம்பைப் பல நாள் தண்ணீர் கொடுக்காமல் கூடையில் அடைத்து வைத்திருப்பார்கள். தாகத்தில் தொண்டை காய்ந்த உயிர் எதிரில் இருக்கும் எந்தத் திரவத்திலும் வாய் வைக்கும். அது பாலை விரும்பிக் குடிக்கவில்லை, தண்ணீர் கிடைக்காமல் குடித்தது. குடித்த பால் செரிக்காது. பல்லைப் பிடுங்கிய புண்ணும் சேர்ந்தால் அந்தப் பாம்பு பிழைப்பது அரிது. நாம் கும்பிட்டுவிட்டு வீட்டுக்கு வந்துவிடுவோம்.

அடுத்து ஆங்கிலேயர் காலம். பாட்ரிக் ரஸ்ஸல் என்ற மருத்துவர் சோழமண்டலக் கரையின் பாம்புகளைச் சேகரித்து 1796-இல் வண்ணப் படங்களுடன் நூல் வெளியிட்டார். கண்ணாடி விரியனுக்கு ஆங்கிலத்தில் இவர் பெயர்தான். செதில், நிறம், விஷத்தின் வேகம் என்று அவருடைய அக்கறை போனது. பிறகு இலங்கையில் பிறந்த ராணுவ மருத்துவர் பிராங்க் வால், 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் செத்த பாம்புகளின் வயிற்றைத் திறந்து பார்த்து, எந்தப் பாம்பு எதைத் தின்கிறது என்று எழுதி வைத்தார். பெரிய வேலைதான். ஆனால் வயிற்றை அறுக்காமலே இதெல்லாம் தெரிந்தவர்கள் செங்கல்பட்டுப் பக்கம் ஏற்கெனவே இருந்தார்கள். அவர்கள்தான் இருளர்கள்.

எலி வளையைப் பார்த்தே உள்ளே எலி இருக்கிறதா பாம்பு இருக்கிறதா என்று சொல்லக்கூடியவர்கள் அவர்கள். எலி பிடிப்பதும் பாம்பு பிடிப்பதும் அவர்களுக்கு ஒரே தொழிலின் இரண்டு பக்கங்கள். ஆனால் சந்தை அவர்களிடம் கேட்டது பாம்பின் தோலை மட்டும். அந்தத் தோல் கைப்பையாகவும் செருப்பாகவும் கப்பல் ஏறியது. 1972-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1976-இல் பாம்புத் தோல் ஏற்றுமதி தடை செய்யப்பட்டது. பாம்புக்கு நல்லது நடந்தது, இருளர்களின் அடுப்பு அணைந்தது.

அதே ஆண்டுகளில்தான் ரோமுலஸ் விட்டேகர் வருகிறார். நியூயார்க்கில் பிறந்து இந்தியாவில் வளர்ந்த இவர் அமெரிக்காவில் ஒரு பாம்புப் பண்ணையில் வேலை கற்றுக்கொண்டு திரும்பியவர். இருளர்களோடு காட்டில் திரிந்து மீதியைக் கற்றார். 1972-இல் கிண்டியில் சென்னைப் பாம்புப் பண்ணை உருவானது. பாம்பைக் காட்டிக் காசு வாங்க வேண்டுமானால் அதை உயிரோடு வைத்திருக்க வேண்டும். உயிரோடு வைத்திருக்க வேண்டுமானால் அது என்ன தின்னும் என்று தெரிய வேண்டும். பாலையும் முட்டையையும் வைத்துக் காலம் தள்ள முடியாது.

இங்கேதான் பாம்பின் 'அடம்' பற்றிய உண்மை தெரிகிறது. பாம்பு என்பது ஒரே சாப்பாட்டுக் கூட்டம் அல்ல. கண்ணாடி விரியனுக்கு எலி. தண்ணீர்ப் பாம்புக்கு மீனும் தவளையும். எங்கள் வறண்ட பக்கத்துச் சுருட்டை விரியன் தேளையும் பூரானையும்கூட விடாது. கட்டுவிரியன் மற்ற பாம்புகளை விரும்பித் தின்னும். ராஜநாகத்தின் முக்கிய உணவே பாம்புதான். அதன் அறிவியல் பெயருக்கே 'பாம்பு தின்னி' என்றுதான் பொருள். தூத்துக்குடிக் கடலில் வலையில் மாட்டும் கடல்பாம்புகளில் ஒரு வகை பெரும்பாலும் கெளுத்தி மீனையே நம்பி வாழ்கிறது. அதன் முன்னால் எலியைப் போட்டுவிட்டு, சாப்பிட மாட்டேன் என்கிறது என்று குறை சொன்னால் யார் மேல் தப்பு?

இது பழக்கம்கூட இல்லை, பிறவியிலேயே வருவது. அமெரிக்க ஆய்வாளர் கார்டன் பர்க்ஹார்ட் 1960-களில் ஒரு சோதனை செய்தார். பிறந்து ஒரு வாய்கூடச் சாப்பிடாத பாம்புக் குட்டிகளிடம், பல இரைகளின் சாற்றில் நனைத்த பஞ்சை நீட்டினார். ஒவ்வொரு இனமும் தன் இனம் வழக்கமாகத் தின்னும் இரையின் வாசனை வந்த பஞ்சை மட்டும் பாய்ந்து கடித்தது. பாம்பு நாக்கை நீட்டி நீட்டி இழுப்பது வாசனையை உள்ளே கொண்டுபோகத்தான். அந்த வாசனை சரியாக இல்லாவிட்டால், எதிரே இருப்பது அதற்கு உணவே இல்லை. அதனால்தான் விலங்குக் காட்சிசாலைகளில் ராஜநாகத்தை எலி தின்ன வைக்க, எலியின் மேல் பாம்பின் வாசனையைத் தடவிக் கொடுக்கிறார்கள். அதாவது ஏமாற்றிச் சாப்பிட வைக்கிறார்கள்.

நான் படிப்பது பி.காம். என் கண்ணுக்குப் பாம்பு ஒரு வித்தியாசமான வாடிக்கையாளர். கடையில் இருக்கும் சரக்கை அது வாங்காது. தனக்கு வேண்டிய சரக்கு வரும்வரை காத்திருக்கும். அப்படிக் காத்திருக்க அதனால் முடியும். நம் சாப்பாட்டில் பெரும்பகுதி உடம்பைச் சூடாக வைத்திருக்கவே செலவாகிறது. பாம்புக்கு அந்தச் செலவு இல்லை. சூட்டை வெயிலிடமிருந்து இலவசமாக வாங்கிக்கொள்கிறது. குளிர்ந்த இடத்தில் வைத்தால் செரிமானம் நடக்காது என்பதால் சாப்பாட்டையே நிறுத்திவிடும். தோல் உரிக்கும் நேரத்திலும், இனப்பெருக்கக் காலத்திலும், யாராவது தொட்டுத் தொட்டு எடுத்துக்கொண்டே இருந்தாலும் அப்படித்தான்.

இப்போது கதை சென்னை விமான நிலையத்துக்கு வருகிறது. 2023 ஏப்ரலில் கோலாலம்பூரிலிருந்து வந்த ஒரு பயணியின் பெட்டிகளில் 22 பாம்புகளும் ஒரு பச்சோந்தியும் இருந்தன. இப்படிப் பிடிபடும் பெட்டிகளில் அடிக்கடி இருப்பது மேற்கு ஆப்பிரிக்காவின் 'பால் பைத்தான்'. (இந்தப் பால் அந்தப் பால் அல்ல! பயந்தால் பந்து போலச் சுருண்டுகொள்வதால் வந்த பெயர்.) நம் நாட்டுப் பாம்புகளை வீட்டில் வைப்பது 1972 சட்டப்படி குற்றம் என்பதால், பணம் உள்ளவர்களின் ஆசை வெளிநாட்டுப் பாம்பின் மேல் போயிருக்கிறது. அதற்கும் 2024-இல் வந்த விதிகளின்படி பதிவு கட்டாயம். வேடிக்கை என்னவென்றால், பாம்பு வளர்ப்போர் உலகத்தில் சாப்பிட மறுப்பதற்குப் பேர்போனது இந்தப் பாம்புதான். பல மாதம் ஒன்றும் தின்னாமல் கிடக்கும்.

வளர்த்தவருக்குச் சலித்துப் போனால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவின் புளோரிடா சாட்சி. செல்லப்பிராணியாக வந்த பர்மிய மலைப்பாம்புகள் அங்கே சதுப்புக் காட்டுக்குள் போய்ப் பெருகிவிட்டன. 2012-இல் வந்த ஓர் ஆய்வு, அவை அதிகக் காலமாக வாழும் பகுதியில் ரக்கூன்கள் கண்ணில் படுவது 99 சதவீதம் குறைந்துவிட்டது என்றது. 2017-இல் அந்தப் பாம்புகளைத் தேட புளோரிடா யாரை அழைத்தது தெரியுமா? நம் இருளர்களான மாசி சடையனையும் வடிவேல் கோபாலையும். இரண்டு வாரத்துக்குள் 13 மலைப்பாம்புகளைப் பிடித்துக் கொடுத்தார்கள். 2023-இல் இருவருக்கும் பத்மஸ்ரீ கிடைத்தது.

கடைசியாக, எனக்கு மிகவும் பிடித்த பகுதி. தோல் வியாபாரம் நின்றபின் 1978-இல் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் தொடங்கியது. மாமல்லபுரம் சாலையில் வடநெம்மேலியில் இருக்கிறது. நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் என்ற நான்கையும் பிடித்து, மண்பானையில் வைத்து, வாரம் ஒருமுறை விஷம் எடுக்கிறார்கள். மூன்று நான்கு வாரம் ஆனதும் வயிற்றுச் செதிலில் சிறு அடையாளம் வைத்துக் காட்டில் விட்டுவிடுகிறார்கள். அந்த விஷத்திலிருந்துதான் நாட்டின் பாம்புக்கடி மருந்தில் பெரும்பங்கு தயாராகிறது. 2000 முதல் 2019 வரை ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர் பாம்புக்கடியால் இறந்த நாடு இது என்பதை நினைத்துப் பாருங்கள்.

பாம்பைச் சாப்பிட வைப்பது எப்படி என்று நாம் பாலில் தொடங்கி வாசனை தடவிய எலி வரை யோசித்துவிட்டோம். இருளர் சங்கத்தின் முறையில் அந்தக் கேள்விக்கே பெரிதாக இடமில்லை. பசி முற்றும் முன்பே பாம்பு காட்டுக்குத் திரும்பிவிடுகிறது. அங்கே அதற்கு வேண்டியதை அதுவே பார்த்துக்கொள்ளும். எங்கள் கரிசல் காட்டில் உளுந்தையும் மக்காச்சோளத்தையும் தின்னும் எலிகளுக்குப் பஞ்சமே இல்லை. புற்றுக்குப் பால் ஊற்றுகிற காசுக்கு வீட்டுப் பிள்ளைக்குப் பால் வாங்கிக் கொடுங்கள். பாம்புக்கு நாம் செய்யக்கூடிய புண்ணியம், வயலில் சாரையைக் கண்டால் கம்பை எடுக்காமல் இருப்பதுதான்.