எரிமலைப் படிகளில் ஒரு ரூபாய் வட்டி

மும்பை லோக்கல் ரயில் கசாராவோடு நின்றுவிடும். 120 கிலோமீட்டர் வந்த வண்டி ஏன் அங்கே முடிகிறது என்பதற்கான பதில் நிலையத்துக்குப் பின்னாலேயே நிற்கிறது. ஒரு கருஞ்சுவர். சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன்னால் பூமி பிளந்து வழிந்த எரிமலைக் குழம்பு, அடுக்கு மேல் அடுக்காக உறைந்ததுதான் அந்தச் சுவர். இன்றைக்கு மிஞ்சியிருப்பது மட்டுமே ஏறக்குறைய 5 லட்சம் சதுர கிலோமீட்டர். புவியியலாளர்கள் இதை 'டெக்கான் ட்ராப்' என்கிறார்கள். ஸ்வீடிஷ் மொழியில் 'ட்ராப்பா' என்றால் படிக்கட்டு. கெட்டியான அடுக்கு நிற்க, மெத்தென்ற அடுக்கு கரைய, மலை முழுக்கப் படிகளாகத் தெரிவதால் வந்த பெயர்.

நான் காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்துக்காரன். எங்கள் கைலாசநாதர் கோயில் மணற்கல்லில் நிற்கிறது. சுற்று வட்டாரத்துக் குன்றுகள் எல்லாம் எரிமலைக் குழம்பைவிடப் பல மடங்கு வயசான பாறைகள். கருங்கல் என்றால் எங்களுக்கு வேறு கல். அதனால் தக்காணத்துக் கறுப்புப் படிகளை ஒருமுறை நடந்தே ஏற வேண்டும் என்று ஆசை. டிசம்பரில் நாலு நாள் லீவு போட்டேன். கார் கிடையாது, ரயில், அரசு பஸ், கால். அவ்வளவுதான்.

இந்த ஊர்களில் அப்படிப் போவது சாகசமே இல்லை. மும்பை, புனே பசங்கள் சனிக்கிழமை ராத்திரி கடைசி லோக்கலைப் பிடித்து, விடியலில் சிவப்பு பஸ் ஏறி, ஏதோ ஒரு கோட்டையில் ஏறிவிட்டு ஞாயிறு ராத்திரி வீடு திரும்புகிறார்கள். அந்த சிவப்பு பஸ்ஸுக்கு 'லால் பரி' என்று செல்லப்பெயர். சிவப்புத் தேவதை!

கல்யாணில் இறங்கி, முர்பாட் வழியாக மால்ஷேஜ் கணவாய்க்குப் போகும் பஸ்ஸில் ஏறினால் வைஷாக்கரே அருகே இறக்கிவிடுவார்கள். அங்கிருந்து காட்டுக்குள் ஏற்றம். இரண்டு மூன்று மணி நேரம். கடைசியில் பாதை, பாறையை வெட்டிய படிகளாக மாறி ஒரு குகைக்குள் கொண்டுபோய் விடுகிறது. இதுதான் நானேகாட். 'நாணா' என்றால் நாணயம், 'காட்' என்றால் கணவாய் என்று விளக்கம் சொல்வார்கள். மேலே ஒரு பெரிய கல்ஜாடி இருக்கிறது. வணிகர்கள் சுங்கம் போட்ட உண்டியல் என்பது ஊர் நம்பிக்கை.

குகைக்குள் சாதவாகன அரசி நாகநிகாவின் பிராமிக் கல்வெட்டு. கி.மு. முதல் நூற்றாண்டு என்பது பரவலான கணிப்பு. வேள்விகளுக்குக் கொடுத்த பசுக்கள், யானைகள், காசுகள் என்று நீளும் பட்டியல். இந்தியாவில் எண்களைக் குறியீடுகளாகப் பொறித்த மிகப் பழைய சான்றுகளில் இதுவும் ஒன்று. அரச குடும்பத்தின் உருவங்களும் ஒரு காலத்தில் அங்கே இருந்தன. இப்போது பாதங்களின் தடயமும் மேலே பெயர்களும்தான் மிச்சம்.

ஓர் அரசி ஏன் தன் பெருமையை நடுக்காட்டில் எழுதினாள்? அது அன்றைக்கு நடுக்காடு இல்லை. கல்யாண் துறைமுகத்துக்கும் மேட்டு நிலத்து ஜுன்னருக்கும் நடுவே இருந்த நெடுஞ்சாலை. கழுதையும் மாடும் பொதி சுமந்து மூச்சு வாங்கும் இடத்தில் நிழலும் திண்ணையும் வெட்டிக் கொடுத்தால், உட்கார்ந்தவன் சுவரைப் பார்த்துத்தானே ஆக வேண்டும்? இன்றைக்குப் பஸ் நிழற்குடையில் எம்எல்ஏ பெயர் எழுதுகிறார்களே, அதே லாஜிக்தான்.

ஜுன்னரில் தங்கி, நாராயண்காவ் வந்து, அங்கே நாசிக் பஸ்ஸைப் பிடித்தேன். நாசிக்கில் டவுன் பஸ் போகும் தூரத்திலேயே திரிரஷ்மி மலை இருக்கிறது. பாண்டவர் குகைகள் என்று சொன்னால்தான் ஆட்டோக்காரருக்குப் புரியும். பாண்டவர்களுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. 24 பௌத்தக் குகைகள்.

பத்தாம் குகையை வெட்டிக் கொடுத்தவன் உஷவதாதன். மேற்கு சத்ரப மன்னன் நகபானனின் மருமகன். அவன் தன் தர்மங்களைச் சொல்லும் கல்வெட்டில் பொதுப் போக்குவரத்து வருகிறது. தாபி உள்ளிட்ட ஆறு ஆறுகளில் இலவச ஓடம் விட்டிருக்கிறான். பருகச்சம், தசபுரம், கோவர்த்தனம், சோர்பாரகம் ஆகிய ஊர்களில் சத்திரம் கட்டியிருக்கிறான். கோவர்த்தனம் என்பது இந்த நாசிக் பக்கத்து ஊர்தான். கிட்டத்தட்ட 1,900 வருஷத்துக்கு முன்னால், டிக்கெட் இல்லாத பயணம்!

ஆனால் என்னைப் பிடித்து நிறுத்தியது அதே குகையின் இன்னொரு கல்வெட்டு. 42ஆம் ஆண்டு, சக ஆண்டு என்று கொண்டால் கி.பி. 120. உஷவதாதன் 3,000 காசுகளை (கார்ஷாபணம்) நிரந்தர வைப்பாகப் போடுகிறான். எங்கே? கோவர்த்தனத்தின் நெசவாளர் சங்கங்களில். ஒரு சங்கத்தில் 2,000, மாதம் நூற்றுக்கு ஒன்று வட்டி. இன்னொரு நெசவாளர் சங்கத்தில் 1,000, நூற்றுக்கு முக்கால். நம்மூர் பாஷையில் ஒரு ரூபாய் வட்டி, முக்கால் ரூபாய் வட்டி. முதலைத் தொடக் கூடாது. வட்டியை மட்டும் எடுக்க வேண்டும். மழைக்காலத்தில் குகையில் தங்கும் 20 துறவிகளுக்கு ஆளுக்கு 12 காசு, துணிச் செலவுக்கு.

போனில் கணக்குப் போட்டேன். 2,000க்கு மாதம் 20, வருஷத்துக்கு 240. 20 பேருக்கு 12 வீதம் 240. அச்சு அசலாக டேலி ஆகிறது. இரண்டாவது வைப்பின் 90 காசு சில்லறைச் செலவுகளுக்கு. எல்லாவற்றையும் நகரச் சபையில் அறிவித்து, ஆவணச் சாலையில் பதிவும் செய்திருக்கிறார்கள்.

ஒரு மன்னனின் மருமகன் காசை ஏன் அரண்மனைக் கருவூலத்தில் வைக்கவில்லை? அடுத்து நடந்ததிலேயே பதில் இருக்கிறது. கௌதமிபுத்திர சாதகர்ணி நகபானனைத் தோற்கடித்தான். 1906இல் நாசிக் அருகே ஜோகல்தெம்பியில் 13,000க்கும் மேற்பட்ட நகபானன் வெள்ளிக்காசுகள் கிடைத்தன. அவற்றில் 9,000க்கும் மேலானவற்றில், நகபானன் முகத்தின் மீதே கௌதமிபுத்திரனின் முத்திரை அடிக்கப்பட்டிருந்தது. ராஜா மாறுவான், காசின் முகம் மாறும். தறி நிற்காது. நெய்தவனுக்கு அடுத்த மாதமும் துணி விற்கும் என்பதுதான் அந்த வைப்பின் உத்தரவாதம்.

இது எங்கள் ஊருக்கும் அந்நியமில்லை. பத்தாம் நூற்றாண்டு உத்தம சோழனின் செப்பேடு சென்னை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. காஞ்சியின் ஊரகப் பெருமாள் கோயில் பொன்னை வட்டிக்கு வைத்ததையும், அந்தக் கோயில் காரியத்தைப் பார்க்கும் பொறுப்பு நகரத்து நெசவாளரிடம் இருந்ததையும் அது சொல்கிறது.

இப்போது பிள்ளையார்பாளையத்தில் காசு எதிர்த்திசையில் ஓடுகிறது. கல்யாணம், காலேஜ் ஃபீஸ், ஆஸ்பத்திரி என்று நெசவாளர் முன்பணம் வாங்குவார். அது கூலியில் கழியும். கழியும் முன்பே அடுத்த செலவு வந்துவிடும். கடன் தீராமல் வேறு தறிக்கு மாற முடியாது. என் தலைமுறையில் பலர் இன்ஜினியரிங் படித்ததற்கு முதல் காரணம் கம்ப்யூட்டர் ஆசை இல்லை. அந்த முன்பண நோட்டில் நம் பெயர் ஏறக் கூடாது என்று வீட்டில் நினைத்தார்கள். என் வீட்டிலும்தான்.

திறமை குறைந்துவிடவில்லை. கோர்வை போட்டு உடலையும் கரையையும் இணைக்கிற கை இன்றைக்கும் அதே கைதான். குறைந்தது வேறு ஒன்று. கோவர்த்தனத்தில் நெசவாளர் ஒரு சங்கமாகப் பணத்தின் முன்னால் உட்கார்ந்தார்கள். ஒரு சங்கத்துக்கு ஒரு ரூபாய், இன்னொன்றுக்கு முக்கால் ரூபாய் என்று வட்டி வேறுபட்டதைப் பார்த்தால், பேரம் பேசி ஒத்துக்கொண்டதாகவே எனக்குத் தோன்றுகிறது. முன்பணம் வாங்கும் நெசவாளர் தனியாக உட்காருகிறார். கூட்டுறவுச் சங்கங்கள் வந்தது இந்தத் தனிமையை உடைக்கத்தான். அவை தளரும்போதெல்லாம் நோட்டு மறுபடி தடிமனாகிறது.

நீங்களும் போகலாம். நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை வெயில் தொல்லை குறைவு. திரும்பும்போது நாசிக் ரோட்டில் ரயில் ஏறி, இகத்புரி தாண்டியதும் ஜன்னலோரம் உட்காருங்கள். 1865இல் திறந்த தல் கணவாய்ப் பாதை அது. அவ்வளவு செங்குத்தானது என்பதால், மேலேறும் வண்டிகளுக்குக் கசாராவில் பின்னாலிருந்து தள்ள கூடுதல் இன்ஜின்களை மாட்டுவார்கள். ரயில்வே பாஷையில் அந்த இன்ஜினுக்குப் பெயர் 'பேங்கர்'. மேலே நெசவாளர் பேங்க் நடத்திய மலை, கீழே வண்டி தள்ளும் பேங்கர். பின்னாலிருந்து தள்ளுகிறவரின் பெயர் டிக்கெட்டில் இருப்பதில்லை. திரிரஷ்மியில் மட்டும் கல்லிலேயே இருக்கிறது, வட்டி விகிதத்தோடு.