மலையகக் காமன் கூத்து

இலங்கையின் மத்திய மலைநாட்டுத் தேயிலைத் தோட்டங்களில் மாசியில் தொடங்கி ஆடப்படும் சடங்குக் கூத்து. அட்டன், நுவரெலியா வட்டாரத் தோட்டத் தமிழர் இதைத் தம் அடையாளக் கலையாகப் போற்றுகின்றனர். சிவனின் தவத்தைக் கலைக்கப் போன மதன் எனும் காமன் நெற்றிக்கண் தீயில் எரிவதும், ரதி அழுது மன்றாடி அவனை மீட்பதும் கதை.

1820களில் தொடங்கிய கோப்பிப் பயிர்ச்செய்கைக்காகத் திருச்சி, தஞ்சை, சேலம் முதலிய மாவட்டங்களிலிருந்து வந்தவர்களோடு இக்கூத்தும் கடல் கடந்தது. கோப்பிக் காலத்தில் பலர் பருவம் முடிந்ததும் ஊர் திரும்பினர். 1867இல் லூல்கந்துரைத் தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் தொடங்கிய தேயிலைக்கோ ஆண்டு முழுதும் கொழுந்து பறிக்க ஆள் வேண்டும். குடும்பங்கள் வரிசைக் குடியிருப்புகளான லயங்களிலேயே தங்கின; கூத்தும் வேர்பிடித்தது.

மாசி அமாவாசை கழிந்து மூன்றாம் பிறையையொட்டிக் காமன் கம்பம் ஊன்றுவார்கள். தோட்டத்துக்குத் தோட்டம் முறை மாறும். பகலில் மலையில் வேலை, இரவில் ஆட்டம். ரதியாகவும் ஆண்களே வேடமிடுவர். தூதன், வீரபத்திரன், எமன், காளி, குறவன், குறத்தி என வேடங்கள் பெருகி, பௌர்ணமியையொட்டிய கடைசி இரவு விடியும்வரை நீளும். அன்று தோட்டமே விழித்திருக்கும். ஆட்டத்தை வழிநடத்துவது தப்பு எனும் தோற்கருவி. காலையில் வேலை பிரிக்கும் பிரட்டுக்கு ஆட்களை அழைக்கவும் ஒரு காலத்தில் அதே தப்புதான் முழங்கியது. வேலைக்கு எழுப்பிய ஓசையே ஆடவும் எழுப்பியது என்பது இக்கூத்தின் தனிச்சிறப்பு. தப்பை முழக்கியவர்களைச் சாதியின் பேரால் தாழ்த்திய வரலாறும் இதனோடு சேர்ந்ததே. அதை மறைத்து எழுதுவது நேர்மையாகாது.

1948இன் குடியுரிமைச் சட்டம் தோட்டத் தமிழரில் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்ப வகைசெய்தது. உறவுகள் பிரிந்தபோது பாட்டும் அடவும் தெரிந்தவர்களும் பிரிந்துபோனார்கள்.

ஏட்டில் இல்லாத இம்மரபைப் பதிவுசெய்ய மலையகத்தாரே முனைந்தனர். மடகொம்பரைத் தோட்டத்தில் பிறந்து, 1947இல் நாடாளுமன்றம் சென்ற சி. வி. வேலுப்பிள்ளை தோட்டப் பாடல்களைத் திரட்டினார். அவர் மறைந்தபின், 1987இல், அவை 'மலைநாட்டு மக்கள் பாடல்கள்' என நூலாயின. எழுத்தாளர்கள் சாரல்நாடன் வாய்மொழி இலக்கியத்தையும் மாத்தளை வடிவேலன் பாரம்பரியக் கலைகளையும் ஆராய்ந்தனர். 2007இல் தோட்டத் தொழிலாளருக்கென ஓர் அருங்காட்சியகம் கம்பளைக்கு அருகே உருவானது. 2023இல், இம்மக்கள் வந்து இருநூறு ஆண்டுகளானதைக் குறித்த 'மலையகம் 200' நினைவேந்தல் இவ்வரலாற்றை நாடறியச் செய்தது.

நூலும் காட்சிக்கூடமும் தேவை. ஆனால் அவற்றால் மட்டும் கூத்து வாழாது. பல இரவுகள் விரியும் சடங்கை விழா மேடையில் சில நிமிடங்களுக்குச் சுருக்கினால் கம்பமும் நோன்பும் கடைசி இரவும் விடுபட்டுப் போகின்றன. கொழும்புக்கு வேலைக்குப் போன இளைஞர் மாசியில் திரும்ப விடுமுறையும், அடவு பழக்கும் மாஸ்டருக்கு ஊதியமும், தப்புக் கலைஞருக்கு மற்றவருக்கு நிகரான மரியாதையும் கிடைப்பதே கூத்துக்கான உண்மையான ஆதரவு.